குட்டியானையில் போன ராணுவ ரயில்

இரண்டாம் உலகப் போர் உலகம் பூராவும் எப்போதோ முடிந்துவிட்டது. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் மட்டும் போன வருஷம்வரை நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் எங்கள் எதிர்வீட்டு மிலிட்டரி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. மிலிட்டரி என்றதும் முறுக்கிய மீசையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒல்லி உடம்பு, தொளதொள பனியன், எந்நேரமும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் முகம். ராணுவத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நேரில் பார்த்த ஒரே போர், காலை வேளையில் தாம்பரத்தில் மின்சார ரயிலுக்குள் நடக்கிறதே, அதுதான்.

ஆனால் பெயர் பெயர்தானே. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிற ஆண்கள் முதல் வாரத்திலேயே அவர் வாசலில் போய்க் குழைவார்கள்.

"அண்ணாத்த, மிலிட்டரின்னாங்கோ. கேன்டீன்ல மாசாமாசம் குடுப்பாங்களாமே. ஒரே ஒரு ரம்மு கெடைக்குமா?"

"உள்ள வாபா" என்று அவர் அன்போடு கூட்டிப்போவார். வெகுநேரம் கழித்து அந்த ஆள் வெளியே வருவான். டாங்கி ஏற்றுகிற ரயில் பெட்டிக்கு அச்சு ஏன் தனியாக வலுப்படுத்த வேண்டும் என்பதை முழுதாகத் தெரிந்துகொண்டு வருவான். ரம் இப்போது முன்னைவிட அவசரமாகத் தேவைப்படும்.

உள்ளே இருந்தது ஒரு ரயில். ஹாலை அடைத்துக்கொண்டு ப்ளைவுட் பலகைகள், அவற்றின்மேல் யுத்த காலத்துச் செங்கல்பட்டு ஜங்ஷன். நீலக் கண்ணாடிக் காகிதத்தில் கொளவாய் ஏரி, தள்ளிப் போனால் பாலாற்றுப் பாலம். அந்தக் காலத்துக் கரி இஞ்சின் ஒன்று, அதன் பின்னால் சிப்பாய்கள் போகும் பெட்டிகள், தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள், பீரங்கிகள், சிவப்புச் சிலுவை போட்ட ஆஸ்பத்திரி வண்டி, கடைசியாக வெடிமருந்து வண்டி. இஞ்சினும் தண்டவாளமும்தான் கடையில் வாங்கியவை. மற்றதெல்லாம் திரட்டியது. யுத்த காலத்தில் ராணுவம் தனக்கு வேண்டியதை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அந்தக் கணக்கில் அவர் மனைவி கமலா அண்ணியின் சமையலறையில் பாதி காணாமல் போயிருந்தது. ஒருமுறை நான் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் இன்றைக்கும் பாலாற்றுப் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் ஓட்டை போட்டு ஒரு சுரங்கப்பாதை வேறு செய்திருந்தார்.

"செங்கல்பட்டுப் பக்கம் ஏதுண்ணே சுரங்கம்?" என்று கேட்டேன்.

"யுத்த டைம்ல எல்லாத்தையும் வெளிய சொல்லிகினா இருப்பாங்கோ?" என்றார்.



அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். மிலிட்டரி ஸ்பெஷல் ஓடும்போது வேறு எதுவும் ஓடக் கூடாது. லோக்கல் வண்டி சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனிலேயே நிற்க வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓரமாக ஒதுங்க வேண்டும். சமையலறை வாசலில் ஒரு ரயில்வே கேட் வைத்திருந்தார். அது விழுந்துவிட்டால் அண்ணி கையில் ரசப் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், நான் தட்டோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். ராணுவ வண்டிக்கு டைம்டேபிள் கிடையாது என்பதால் எப்போது வரும், எப்போது கேட் திறக்கும் என்று கேட்கவும் முடியாது.

"நீங்க ரிடையர் ஆன நாளா இந்த கேட்டாண்டதான் நிக்கறேன்" என்று அண்ணி கத்துவார். "வண்டி எங்கதான் போவுது? அத்தயாவது சொல்லுங்கோ."

"ரகசியம்" என்பார் மிலிட்டரி. கட்டிய மனைவிக்கே அவ்வளவுதான் பதில்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"பாதி ஆயுசு லோக்கல் வண்டில நின்னுகினே போனேன்பா. தெனமும் சிங்கப்பெருமாள் கோயில்ல நிறுத்துவான். இன்னாடான்னா, பின்னாடி எக்ஸ்பிரஸ் வருதாம், வழி வுடணுமாம். வழி வுட்டு வழி வுட்டே ரிடையர் ஆயிட்டேன். யுத்த காலத்துல மிலிட்டரி வண்டி வந்தா மெயிலே ஒதுங்கி நிக்கும், தெரியுமா? ஒரு வண்டியாவது, எனக்கு எல்லாரும் வழி வுடறாமாதிரி ஒரு வண்டி வேணும்னு தோணிச்சு."

சிரிக்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அந்த லோக்கலில் நானும் நின்றுகொண்டு போனவன்தான்.

அதற்காக அவரை ரொம்ப நல்லவர் என்று நினைத்துவிட வேண்டாம். தெரு பட்ட பாடு கொஞ்சமா? ஒரு கார்த்திகை தீபத்தன்று வீட்டுக்கு வீடு அகல் வரிசை கட்டி எரிகிற நேரத்தில் இந்த மனுஷன் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். "வெளக்க அணைங்கோ. மகாபலிபுரம் பக்கம் கடல் மேல ஜப்பான்காரன் பிளேன்ல சுத்திகினு கீறான். வெளிச்சம் தெரிஞ்சா ஜங்ஷன் மேல குண்டு போட்ருவான்." தெருக்கோடி வீட்டுக்காரர் புதிது, பாவம், உண்மையாகவே அணைத்துவிட்டு மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கீழே இறக்கி, பொரியுருண்டை கொடுத்துச் சமாதானம் செய்தது நான்.

ஆயுத பூஜைதான் எல்லாவற்றுக்கும் உச்சம். நாங்களெல்லாம் சைக்கிளுக்கும் சுத்தியலுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்துத் திருப்திப்படுகிற ஜாதி. நிஜமாகவே ஆயுதம் வைத்திருந்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். பீரங்கிக்குப் பீரங்கி சந்தனம், குங்குமம். இஞ்சினுக்கு ஒற்றை இழை மல்லிகையில் மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் இல்லையா? எலுமிச்சம்பழம் இஞ்சின் உயரத்துக்கு இருந்ததால் சுண்டைக்காய் வைத்தார். இஞ்சின் சுண்டைக்காயில் ஏறித் தடம் புரண்டு கொளவாய் ஏரியில் விழுந்தது. தூக்கி வைத்துக் கற்பூரம் காட்டினார். புகைபோக்கியில் புகைக்காகச் செருகியிருந்த பஞ்சை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. குப்பென்று பற்றியது, தார்ப்பாய் தார்ப்பாயாகத் தாவி வெடிமருந்து வண்டிவரை போய்விட்டது. நான் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினேன். மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் ரசத்தோடு நின்ற அண்ணி ஒரே வீச்சாக வீசினார். போர் அணைந்தது. தக்காளியும் கொத்தமல்லியுமாகச் சிப்பாய்கள் பல நாள் மணந்தார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மிலிட்டரிக்கு நெருப்பு என்றால் பயம் வந்துவிட்டது. வெடிமருந்து வண்டி வைக்கும் அட்டைப் பெட்டியின்மேல் சிவப்புப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்: 'வெடிமருந்து. நெருப்பு ஆகாது.' எழுதியது நல்ல எண்ணத்தில்தான். அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

போன வருஷம் அவர் மகள் சுகன்யாவுக்கு வளைகாப்பு நடந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரு சின்ன அறையும் ஹாலும். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"புள்ளத்தாச்சிப் பொண்ணு எங்க படுப்பா? கொளவா ஏரிலயா?"

மிலிட்டரி ஏரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம பழைய சாமான்காரன வரச் சொல்லிகீறேன். அதுக்குள்ள நீங்களா எங்கயாவது தூக்கிக்கினு போனா சரி. இல்லாங்காட்டி அவன் தூக்குவான்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காபி ஆறிப்போய் ஏடு கட்டியது.

"அவ சொல்றதுல தப்பே இல்லபா. பொண்ணுதான் முக்கியம். இது இன்னா, வெறும் பலகையும் டப்பாவும். ஆனா இத்த ஒடச்சி எடைக்குப் போட்டாங்கன்னா, நான் மறுபடியும் அந்த லோக்கல்ல நின்னுகினு போற ஆளுதான்."

அவரை வாயார நக்கலடித்துக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியவன், அன்றைக்கு ராத்திரியே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

வழி கிடைத்தது என் கொழுந்தியாள் மூலமாக. புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். அங்கே ஒரு அறை காலியாக இருந்தது. பள்ளியின் தாளாளர் அம்மாவிடம் பேசினாள். "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்து காட்டட்டும். எனக்குப் பிடிச்சிருந்தா வெச்சுக்கலாம். வரலேன்னா உடைஞ்ச பெஞ்செல்லாம் அந்த ரூமுக்குத்தான் போகுது" என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. லீவுக்கு அன்று மாலையே அவர் வெளியூர் கிளம்புகிறார். ஆக, சனிக்கிழமை மத்தியானம். தவறினால் மறுநாள் பழைய சாமான்காரன்.

சனிக்கிழமை காலை, வாடகைக்கு வண்டி ஓட்டும் ஏழுமலையின் குட்டியானை வாசலில் வந்து நின்றது. அந்தக் குட்டி லாரியில் ஜங்ஷனும் ஏரியும் ஏறின. பெட்டிகள் எல்லாவற்றுக்கும் மிலிட்டரி அரக்கு வைத்து சீல் போட்டிருந்தார். ஒவ்வொன்றின்மேலும் பீரங்கி, டாங்கி, துருப்புகள் என்று சுத்தமான கையெழுத்து. அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், பாலாற்றுப் பாலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி வாசலுக்கே வரவில்லை. ஒரு டிபன் பாக்ஸை மட்டும் என் கையில் திணித்து, "நாஸ்தா துன்னாம கெளம்புது பாரு. துன்ன வை" என்று உள்ளே போய்விட்டார்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம். யாரோ பெரிய மனிதர் அந்த வழியாக வருகிறார் என்று சாலையில் தடுப்புப் போட்டு, வண்டி வண்டியாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. சின்ன வயசு சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே கேட்டார்.

"எங்கேர்ந்து வர்றீங்க, பெரியவரே?"

"செங்கல்பட்டு."

"எங்க போறீங்க?"

மிலிட்டரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் இருந்த நான் மனசுக்குள் கெஞ்சினேன். வேண்டாம் அண்ணே, வேண்டாம்.

"அத்த சொல்றதுக்கில்ல" என்றார்.

"என்னது?"

"மிலிட்டரி ஸ்பெஷல் எங்க போவுதுன்னு வழில சொல்ற வழக்கம் கெடையாது."

சப்-இன்ஸ்பெக்டர் ஏழுமலையிடம் திரும்பினார். "பின்னாடி என்ன லோடு?"

ஏழுமலை பொய் சொல்லத் தெரியாதவன். பெட்டிகளை ஏற்றியவனும் அவனே. "பீரங்கி சார்" என்றான். "அப்பால டாங்கி. அப்பால செவப்பு எழுத்துல இன்னாவோ போட்டு கீது."

ஏட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். வெடிமருந்து என்று வாய்விட்டுப் படித்தார். படித்த வேகத்திலேயே பின்னால் நகர்ந்து ஒரு பனைமரத்துக்குப் பின்னே போய் நின்றார். எங்களை இறங்கச் சொன்னார்கள். நான் இறங்கினேன், பாலத்தோடு.

"சார், இது பொம்மை ரயில் சார்" என்றேன். ஒரு பாலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

"அப்ப பெட்டியத் திறங்க."

மிலிட்டரி குறுக்கே வந்தார். "சீல் வெச்ச வண்டிய போய்ச் சேர்ற எடத்துலதான் தொறக்கணும். அதான் முற."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு கமலா அண்ணி எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ! நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து புதுப்பட்டினத்தில் உடைந்த பெஞ்சுகள் அறையை நோக்கி நகர ஆரம்பித்திருக்கும்.

மோப்ப நாய் வந்தது. பீரங்கிப் பெட்டியை முகர்ந்தது, போனது. டாங்கியைச் சட்டை செய்யவில்லை. சிவப்பு எழுத்துப் பெட்டியிடம் வந்ததும் தும்மியது. மறுபடி முகர்ந்து மறுபடி தும்மி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் முகத்திலிருந்து மரியாதை போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, அவர் வாங்கி வைத்திருந்த மிலிட்டரியின் செல்போன் அடித்தது. திரையில் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' என்று ஒளிர்ந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் விறைப்பாக நின்றார். ஸ்பீக்கரைப் போட்டு, "யெஸ் சார்" என்றார்.

"யாருயா அது சாரு?" என்றது அண்ணியின் குரல். "இட்லி துன்னாரா இல்லியா?"

விவரத்தைக் கேட்டுக்கொண்ட அண்ணி பதறவில்லை. "நாயி எந்தப் பொட்டியாண்ட ஒக்காந்துகினு கீது? செவப்பு எழுத்தா? உள்ள வண்டியா கீறது என் பெருங்காய டப்பா சார். எத்தினி தபா கழுவினாலும் வாசன போவாது. பீரங்கிக்கு கொழா எல்லாம் பேனா மூடி. டாங்கி சோப்பு டப்பா. தார்ப்பா இன்னான்னா, என் பச்ச பாவாட. நெருப்புல பாதி போயி, மீதிய நான்தான் கத்திரிச்சிக் குடுத்தேன். ஆஸ்பத்திரி வண்டி ஊதுவத்தி டப்பா, அதுல கீற சிலுவ என் ஸ்டிக்கர் பொட்ட வெட்டி ஒட்டனது. மூணாவது சிப்பா வண்டில ஒரு சக்கரம் சட்ட பொத்தானு, கோணிக்கினு போவும், பாத்து எறக்கச் சொல்லுங்கோ."

மிலிட்டரி போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமலா... இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம? வாரா வாரம் யாரு தொடைக்கறா, ஜப்பான்காரனா?" என்றார் அண்ணி. கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரல் இறங்க, "சார், அவருக்கு சுகர் கீது. வெயில்ல நிக்க வைக்காதீங்க. மொதல்ல அவர ஒரு நெழல்ல ஒக்கார வைங்க சார். அந்த ரயிலும் பத்தரமா போய்ச் சேரட்டும். அது போச்சுன்னா இந்த மனுசன் தாங்க மாட்டாரு."

சப்-இன்ஸ்பெக்டர் முதலில் மீசையில் சிரித்தார், அப்புறம் வாய்விட்டே சிரித்தார். பனைமரத்துக்குப் பின்னாலிருந்து ஏட்டு நாற்காலியோடு வந்தார். மிலிட்டரி நிழலில் உட்கார்ந்து இட்லி தின்றார். தின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்ப்பொடி காரம் என்று என்னிடம் சொன்னார். டிபன் பாக்ஸில் இருந்தது சட்னி.

"இப்பவாவது சொல்லுங்க பெரியவரே. வண்டி எங்க போகுது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மிலிட்டரி யோசித்தார். அதிகாரியிடம் சொல்லலாம் என்று முடிவு செய்திருப்பார் போல. எழுந்து போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவர் காதில் மட்டும் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரும் விஷயத்தின் தீவிரம் புரிந்தவராகத் தலையாட்டினார்.

பெரிய மனிதரின் கார்கள் சர்ரென்று போய் முடிந்தன. தடுப்புக்கு இந்தப் பக்கம் பஸ், கார், தண்ணீர் லாரி என்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை, ஆளாளுக்கு ஹாரன். சப்-இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார்.

"எல்லா வண்டியும் அப்படியே நிக்கட்டும். மொதல்ல மிலிட்டரி ஸ்பெஷல் போகட்டும்!"

ஏழுமலை வண்டியை எடுத்தான். நான் பின்னாலிருந்து பார்த்தேன். பஸ்கள் நின்றன. பளபளவென்று பெரிய பெரிய கார்கள் நின்றன. முன் சீட்டில் மிலிட்டரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த வரிசை முழுவதையும் பார்த்தார்.

"எல்லாம் நிக்குதுபா" என்றார். குரல் பிசிறியது. "எனக்கு வழி வுட்டு நிக்குது."

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் எப்போதோ கடந்துவிட்டது. அறை பூட்டியிருந்தது. உடைந்த பெஞ்சுகள் வாசலில் தயாராக நின்றன. தாளாளர் அம்மாவைக் காணோம். போய்விட்டார் என்றே நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்று, அதிலிருந்து அந்த அம்மா கோபமாக இறங்கினார்.

"ரோட்டுல ஏதோ மிலிட்டரி வண்டி போகணும்னு எங்களையெல்லாம் நிறுத்தி வெச்சுட்டாங்க. அப்படி என்ன வண்டியோ!"

நானும் ஏழுமலையும் தரையைப் பார்த்தோம். மிலிட்டரி மட்டும் ஒரு அடி முன்னால் வந்து, "அம்மா, அது நாங்கதான்" என்றார். அந்த அம்மா அவரையும் குட்டியானையையும் என் கையிலிருந்து இறங்காத பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெஞ்சுகளைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னார்.

சுகன்யாவுக்குப் பெண் குழந்தை. ஹாலில் இப்போது தூளி தொங்குகிறது. சனிக்கிழமை தோறும் குழந்தையை மகளிடம் விட்டுவிட்டு மிலிட்டரியும் அண்ணியும் புதுப்பட்டினத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர் ஓட்டுவதற்கு; அண்ணி, இன்னொருத்தர் தொடைச்சா சரிவராது என்று தானே துடைப்பதற்கு. நானும் கூடவே போகிறேன். எனக்கு ரயிலும் பிடிக்காது, யுத்தமும் பிடிக்காது, அந்த பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்காது. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நிற்கிற அந்த இரண்டு பேருக்கு நடுவில் நிற்பது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.